சொல்பேச்சு கேட்காத பிள்ளையும் கண்டிப்பான அன்பும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஏறக்குறைய 8 வயது முதல் 17 வயது வரை உள்ள, வீட்டின் பிடியை விட்டு நழுவிவிட்ட பிள்ளைகளின் பெற்றோருக்காக எழுதியது இது. கத்துவது, உடைப்பது, பொய், திருட்டு, இரவில் வீடு திரும்பாமை, போதை என்று வெவ்வேறு கட்டங்களில் வரும் கேள்விகள் இதில் உள்ளன. உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டுத் தற்கொலைப் பேச்சு, போதை பற்றிய கேள்விகளுக்கு நேராகப் போய்விடுங்கள்.

"கண்டிப்பான அன்பு" என்றால் உண்மையில் என்ன?

பாசம் குறையாது, விதியும் தளராது. இரண்டும் ஒரே ஆளிடம், ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். பல வீடுகளில் இவை மாறி மாறித்தான் வருகின்றன: காலையில் திட்டித் தீர்ப்பது, மாலையில் மனசு கேட்காமல் கேட்டதையெல்லாம் கொடுத்துவிடுவது. அப்போது பிள்ளை கற்றுக்கொள்வது விதியை அல்ல, உங்கள் மனநிலையைக் கணிக்கத்தான்.

அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1960களில் பெற்றோரை மூன்று வகையாகப் பிரித்தார்: அதிகாரம் மட்டும் செலுத்துபவர்கள், எல்லாவற்றையும் விட்டுக்கொடுப்பவர்கள், கனிவையும் கட்டுப்பாட்டையும் சேர்த்தே வைத்திருப்பவர்கள். பிள்ளையைக் கண்டுகொள்ளாமலே விடுபவர்கள் என்ற நான்காவது வகையை 1983இல் எலினார் மக்கபியும் ஜான் மார்ட்டினும் சேர்த்தார்கள். அதன் பிறகு வந்த ஆய்வுகள் பலவற்றிலும் மூன்றாம் வகை வீட்டுப் பிள்ளைகளே பொதுவாக நன்றாக வந்திருக்கிறார்கள்.

கண்டிப்பு என்றதும் பிள்ளையை எப்படிப் பணிய வைப்பது என்றுதான் எல்லோரும் யோசிக்கிறார்கள். இந்தப் பக்கம் முழுக்க நாங்கள் சொல்ல வருவது வேறு. கண்டிப்பு என்பது பிள்ளை செய்வது அல்ல, நீங்கள் செய்வது. நீங்கள் சொன்னதை, சொன்ன அளவுக்கு, சொன்ன நேரத்தில், குரல் உயர்த்தாமல் நீங்கள் செய்து முடிப்பது. பதினைந்து வயதுப் பிள்ளையை உங்களால் கட்டுப்படுத்த முடியாது. உங்கள் கையில் இருக்கும் பணம், இணையம், வண்டிச் சாவி, உங்கள் நேரம், உங்கள் வாய் ஆகியவற்றைக் கட்டுப்படுத்த முடியும்.

அடிப்பதும் இதில் சேருமா?

சேராது. "அடியாத மாடு படியாது" என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அடி அந்த நிமிடத்தை மட்டும்தான் நிறுத்துகிறது. அடுத்த முறை மாட்டிக்கொள்ளாமல் செய்வது எப்படி என்பதைத்தான் அது கற்றுக்கொடுக்கிறது. ஏற்கெனவே கைநீட்டும் பிள்ளைக்கு, பெரியவர்களும் இப்படித்தான் தீர்த்துக்கொள்கிறார்கள் என்ற சாட்சியாகவும் அது அமைந்துவிடுகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அகாடமி 2018இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில் அடிப்பதையும், அவமானப்படுத்தும், மிரட்டும் பேச்சையும் சேர்த்தே தவிர்க்கச் சொன்னது. ஸ்வீடன் 1979லேயே பிள்ளைகளை அடிப்பதைச் சட்டத்தில் தடை செய்துவிட்டது.

சாப்பாட்டை நிறுத்துவது, அறைக்குள் வைத்துப் பூட்டுவது, இரவில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவது, மற்றவர்கள் முன்னால் கேவலப்படுத்துவது, நாள் கணக்கில் பேசாமல் இருப்பது ஆகியவையும் அடியின் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். பேசாமல் இருப்பதைப் பலர் மென்மையான தண்டனை என்று நினைக்கிறார்கள். பிள்ளைக்கு அது "நீ எனக்கு வேண்டாம்" என்றுதான் கேட்கும்.

பிள்ளை இப்படி ஆனதற்கு நாங்கள்தான் காரணமா?

பிறவியிலேயே சட்டென்று சூடாகும் பிள்ளைகள் உண்டு. ஒரே வீட்டில் வளர்ந்த இரண்டு பேர் இரண்டு விதமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் அந்தச் சூட்டைக் கூட்டுவதும் தணிப்பதும் வீட்டில் தினமும் நடக்கும் சின்னச் சின்னப் பரிமாற்றங்கள்.

ஜெரால்ட் பேட்டர்சன் என்ற ஆய்வாளர் வீடுகளுக்குள் நடப்பதை வருடக்கணக்கில் கவனித்து ஒரு சுழலை விளக்கினார். "விளையாட்டை நிறுத்து" என்கிறார் அம்மா. பையன் கத்துகிறான். அம்மா சலித்துப்போய் "என்னமோ பண்ணு" என்று விலகுகிறார். கத்தல் நிற்கிறது. இருவருக்கும் அதில் லாபம்: கத்தினால் விட்டுவிடுவார்கள் என்று அவன் கற்றான், விட்டுக்கொடுத்தால் அமைதி கிடைக்கும் என்று அம்மா கற்றார். இன்னொரு நாள் அம்மா அவனைவிடச் சத்தமாகக் கத்த, அவன் அடங்குகிறான். கத்தினால்தான் வேலை நடக்கும் என்று அம்மாவும் கற்றுவிடுகிறார். சில மாதங்களில் இரண்டு பேரின் குரலும் எட்டுக்கட்டைக்குப் போய்விடும். இதில் யாரும் கெட்டவர் இல்லை. ஆனால் சுழலை முதலில் அறுக்கக்கூடியவர் பெரியவர்தான்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

முதல் 7 நாள் எதையும் மாற்றாதீர்கள். ஒரு நோட்டில் நான்கு பத்தி போட்டுக் குறித்து வையுங்கள்: நேரம், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, நீங்கள் என்ன செய்தீர்கள். கடைசிப் பத்தியை எழுதத்தான் கை வராது. அதுதான் மிகவும் உதவும். ஒரு வாரம் கழித்துப் படித்தால் சண்டைகள் இரண்டு மூன்று இடங்களில்தான் குவிந்திருக்கும். பள்ளி விட்டு வந்த முதல் அரை மணி, போனை வைக்கச் சொல்லும் நேரம், காலையில் கிளம்பும் நேரம் என்று ஏதாவது இருக்கும்.

பிறகு எல்லாப் புகார்களையும் மூன்று குவியலாகப் பிரியுங்கள். முதலாவது, ஆபத்தானவை: அடிப்பது, ஓடிப்போவது, போதை, உரிமம் இல்லாமல் வண்டி ஓட்டுவது. இரண்டாவது, முக்கியமானவை: பள்ளி, தூக்கம், வீடு திரும்பும் நேரம். மூன்றாவது, இப்போதைக்கு விடக்கூடியவை: முடி, உடை, கலைந்து கிடக்கும் அறை, முகத்தைத் திருப்பிக்கொள்வது, முனகுவது. முதல் இரண்டு குவியலில் இருந்து அதிகபட்சம் 3 விதிகளை எடுங்கள். மூன்றாவது குவியலைப் பற்றி அடுத்த 2 மாதத்துக்கு வாயே திறக்காதீர்கள். இது மிகவும் கடினம். ஆனால் நாளுக்கு முப்பது முறை திருத்தப்படும் பிள்ளைக்கு முப்பதுமே காதில் விழாது.

விதியை எப்படிச் சொல்வது?

"மரியாதையா நட", "பொறுப்பா இரு" என்பவை விதிகள் அல்ல, வேண்டுதல்கள். கேமராவில் படம் பிடித்தால் நடந்ததா இல்லையா என்று தெரிய வேண்டும். "இரவு 10 மணிக்கு போன் ஹாலில் சார்ஜில் இருக்க வேண்டும்." "பள்ளி நாளில் இரவு 8 மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும். தாமதமானால் 7:45க்குள் அழைத்துச் சொல்ல வேண்டும்." இப்படி இருந்தால் வாதத்துக்கு இடம் குறைவு.

சண்டை நடக்கும்போது புது விதி போடாதீர்கள். எல்லோரும் வயிறு நிறைந்து ஓய்வாக இருக்கும் ஒரு நேரத்தில், 20 நிமிடத்துக்கு மிகாமல் உட்கார்ந்து பேசுங்கள். விதி, அதன் காரணம் ஒரே வரியில், பின்பற்றினால் என்ன கிடைக்கும், மீறினால் என்ன நடக்கும் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதுங்கள். 11, 12 வயதுக்கு மேல் என்றால் பிள்ளையின் திருத்தங்களையும் கேளுங்கள். 10 மணி என்பதை வார இறுதியில் 11 ஆக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளலாம். தானும் சேர்ந்து எழுதிய தாளை மீறுவது சற்று கனமாக இருக்கும். ஆனால் போனே ஹாலுக்கு வராது என்று சொன்னால், அந்தப் பேரம் கிடையாது.

மீறினால் என்ன செய்வது? எவ்வளவு நாள்?

இங்கேதான் பெரும்பாலான முயற்சிகள் கவிழ்கின்றன. கோபத்தில் "ஒரு மாசத்துக்கு போன் கிடையாது" என்று சொல்லிவிடுகிறோம். நான்காம் நாள் பாடக் குறிப்பு அனுப்ப வேண்டும் என்று போன் திரும்பிவிடும். அல்லது பிள்ளைக்கு இனி இழக்க ஒன்றுமில்லை என்றாகி, மிச்சமிருக்கும் 26 நாளும் எதற்கும் அஞ்சாமல் நடக்கும். எதுவும் கையில் இல்லாதவனிடம் எதைப் பறிப்பீர்கள்?

நாங்கள் பரிந்துரைக்கும் அளவு 24 மணி நேரம். போன் விதியை மீறினால் மறுநாள் ஒரு நாள் போன் இல்லை. அதற்கடுத்த நாள் பழையபடி எல்லாம் திரும்பும், சொற்பொழிவும் இருக்காது. தண்டனையின் கடுமை அல்ல, அது தப்பாமல் வரும் என்பதுதான் வேலை செய்கிறது. பத்தில் ஒன்பது முறை வரும் ஒரு நாள் இழப்பு, பத்தில் ஒரு முறை வரும் ஒரு மாத இழப்பைவிடப் பலமானது.

விளைவைத் தேர்ந்தெடுக்கும்போது உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: பிள்ளையின் ஒத்துழைப்பே இல்லாமல் இதை என்னால் செய்ய முடியுமா? "அறைக்குப் போ" என்றால் அது போக வேண்டும், போகாவிட்டால் தோற்றது நீங்கள். "நாளைக்கு வண்டியில் கூட்டிக்கொண்டு போக மாட்டேன்" என்றால் நீங்கள் போகாமல் இருந்தாலே முடிந்தது.

உடைத்ததற்குப் பழுது பார்ப்பதும், அழுக்காக்கியதற்குச் சுத்தம் செய்வதும், திருடியதற்குத் திருப்பித் தருவதும் தவறோடு நேரடியாக ஒட்டியவை. கைச்செலவுப் பணத்தில் இருந்து பிடிப்பதாக இருந்தால் பாதிக்கு மேல் பிடிக்க வேண்டாம். முழுவதும் போய்விட்டால் சரியாக நடக்க வேண்டிய காரணமும் அதோடு போய்விடும்.

சின்னப் பிள்ளைகளுக்கு, அதாவது சுமார் 3 முதல் 7 வயது வரை, ஓரமாக அமைதியாக உட்கார வைப்பது போதும். வயதுக்கு ஒரு நிமிடம் என்பது பொதுக் கணக்கு.

கத்தும்போது நான் என்ன பேசுவது?

குறைவாகப் பேசுங்கள். சூடேறிய மூளைக்குள் நியாயம் இறங்காது. திட்டமிடுவதற்கும் அடக்கிக்கொள்வதற்கும் பயன்படும் முன்மூளைப் பகுதி இருபதுகளின் நடு வரை முதிர்ந்துகொண்டேதான் இருக்கிறது. கோபத்தில் அது இன்னும் ஒதுங்கிவிடும். ஒரு இரவை அப்படியே பாருங்கள்.

"கண்ணா, மணி பத்து. போனை ஹால்ல வை."
"பத்தே நிமிஷம்ப்பா."
"பத்து மணின்னு எழுதியிருக்கோம். இப்ப வச்சா நாளைக்கு வழக்கம்போல. வைக்கலைன்னா நாளைக்கு ஒரு நாள் போன் இல்ல."
"எல்லார் வீட்லயும் விடுறாங்க! நீங்க மட்டும்தான் இப்படி. உங்கள எனக்குப் பிடிக்கவே இல்ல!"
"கோபமா இருக்கேன்னு புரியுது."

அப்பாவின் பேச்சு இத்தோடு முடிகிறது. அவர் எழுந்து வேறு அறைக்குப் போகிறார். "எல்லார் வீட்லயும்" என்பதற்குப் பதில் இல்லை, "பிடிக்கவே இல்ல" என்பதற்கும் பதில் இல்லை. அவை இரண்டும் தூண்டில்கள். கடித்தால் பேச்சு போனில் இருந்து "அப்பனைப் பார்த்து இப்படியா பேசுவ" என்பதற்கு மாறிவிடும், போன் பையன் கையிலேயே இருக்கும். கையில் இருந்து போனைப் பிடுங்குவதும் இல்லை. வீட்டுக் கைகலப்புகளில் நிறைய அந்தப் பிடுங்கலில்தான் தொடங்குகின்றன. இரவில் வைஃபையை ரூட்டரிலேயே நிறுத்துகிறார், மொபைல் டேட்டாவைப் பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலியில் தடுக்கிறார். மறுநாள் எல்லோரும் அமைதியாக இருக்கும்போது போனைக் கேட்கிறார். தராவிட்டால், தரும்வரை டேட்டா திரும்பாது, 24 மணி நேரமும் தந்த பிறகே ஓடத் தொடங்கும்.

ஒரு கட்டளையை ஒரு முறை சொல்லுங்கள், 10 நொடி பொறுங்கள். செய்யாவிட்டால் விளைவோடு சேர்த்து இன்னொரு முறை. மூன்றாவது முறை கிடையாது. பத்தாவது முறை கத்தும்போதுதான் நீங்கள் உண்மையாகச் சொல்கிறீர்கள் என்று பிள்ளை பழகியிருந்தால், முதல் ஒன்பதும் வீண்.

விதி போட்ட பிறகு நிலைமை இன்னும் மோசமாகிவிட்டதே?

ஆகும். நடத்தையியலில் நன்கு அறியப்பட்ட விஷயம் இது. பணம் போட்டும் பொருள் விழாத இயந்திரத்தை என்ன செய்வோம்? பொத்தானை மறுபடி மறுபடி அழுத்துவோம், தட்டுவோம், உதைப்போம். அதற்குப் பிறகே விட்டு நகர்வோம். இத்தனை நாள் கத்தி வேலை நடத்திய பிள்ளையும் அப்படித்தான் முதல் ஒன்று இரண்டு வாரம் குரலைக் கூட்டும்.

அந்த உச்சத்தில் விட்டுக்கொடுப்பதுதான் இதில் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு. இதுவரை 10 நிமிடக் கத்தலுக்குக் கிடைத்தது, இனி 40 நிமிடக் கத்தலுக்குத்தான் கிடைக்கும் என்று நீங்களே பாடம் நடத்தியதாகிவிடும். ஆகவே தேர்வு வாரத்திலும் குடும்ப விசேஷத்துக்கு முந்தைய நாளும் புது விதியைத் தொடங்காதீர்கள். இரண்டு வாரம் தாங்கும் தெம்பு இருக்கும்போது தொடங்குங்கள்.

இதில் அன்பு எங்கே வருகிறது?

தினமும் 10, 15 நிமிடம் பிள்ளை தேர்ந்தெடுக்கும் ஒன்றில் அதோடு உட்காருங்கள். வீடியோ கேமாக இருக்கட்டும், சைக்கிள் துடைப்பதாக இருக்கட்டும். அந்த நேரத்தில் அறிவுரை இல்லை, கேள்வி இல்லை, மதிப்பெண் பேச்சு இல்லை. முக்கியமாக, அன்று என்ன தப்பு நடந்திருந்தாலும் இதை நிறுத்தக் கூடாது. எந்த விளைவின் பட்டியலிலும் இந்தப் பதினைந்து நிமிடம் இடம்பெறக் கூடாது. பெரிய பிள்ளை வர மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். அருகில் ஒரு டீயோடு உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல் எழுந்து போனாலும் அது கணக்கில் சேரும்.

பாராட்டும் அப்படியே. "நல்ல பிள்ளை" என்று பொதுவாகச் சொல்வது ஒட்டாது. "கூப்பிட்ட உடனே வந்தே, எனக்கு உதவியா இருந்தது" என்று நடந்ததைச் சொல்லுங்கள், நடந்த சில நொடிக்குள் சொல்லுங்கள், பின்னால் "இதையே தினமும் செஞ்சா என்ன?" என்று வால் சேர்க்காதீர்கள். அந்த வால் முழுப் பாராட்டையும் தின்றுவிடும். திருத்தும் ஒவ்வொரு முறைக்கும் நாலைந்து முறையாவது சரியானதைக் கண்டு சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். பிரச்சினைப் பிள்ளையிடம் பாராட்ட ஒன்றுமில்லை என்று தோன்றினால், பிரச்சினை இல்லாமல் கழிந்த இருபது நிமிடத்தைச் சொல்லுங்கள்.

நான் ஒன்று சொல்கிறேன், வீட்டில் மற்றவர் வேறொன்று சொல்கிறார்.

அந்த இடைவெளியில்தான் பிள்ளை நுழையும். இரண்டு பேருக்கும் ஒத்துவரும் ஒரே ஒரு விதி கிடைத்தால் அதில் தொடங்குங்கள். ஒருவர் மூன்று விதி, மற்றவர் பூஜ்யம் என்பதைவிட அது மேல். பிள்ளை முன்னால் ஒருவர் சொன்னதை மற்றவர் மாற்றக் கூடாது, தப்பு என்று பட்டால்கூட. அறைக்குள் போய்ப் பேசி, சொன்னவரே வந்து மாற்றட்டும். அடிப்பது போன்ற ஆபத்து இருந்தால் மட்டும் உடனே குறுக்கிடலாம், குறுக்கிட வேண்டும்.

தாத்தா பாட்டி விதியைக் காக்க வேண்டியதில்லை. விதியை உடைக்காமல் இருந்தால் போதும்: ரகசியமாகப் பணமும் போனும் தரக் கூடாது. செல்லம் கொடுக்கும் உரிமையை அவர்களிடமிருந்து பிடுங்காதீர்கள், பிள்ளைக்கு அது தேவை. பெற்றோர் பிரிந்து வாழ்ந்தால், இரு வீட்டிலும் தூக்க நேரமும் பாதுகாப்பு விதியும் ஒன்றாக இருக்கும்படி பாருங்கள். மற்றது அந்தந்த வீட்டுப் பழக்கம்.

பணம் திருடுகிறான். நேராகக் கேட்டால் பொய் சொல்கிறான்.

தெரிந்ததைக் கேள்வியாகக் கேட்காதீர்கள். "எடுத்தியா?" என்பது பொய்க்குப் போடும் பாதை. "என் பர்ஸ்ல இருந்து பணம் போயிருக்கு, நீ எடுத்தது எனக்குத் தெரியும்" என்று தெரிந்ததைச் சொல்லுங்கள், உண்மையில் உறுதியாகத் தெரிந்தால் மட்டும். திருப்பித் தர ஒரு தேதியும் தவணையும் வையுங்கள். வீட்டில் பணத்தைப் பூட்டி வையுங்கள். அது நம்பிக்கையின்மை அல்ல, தவறுக்கான வாய்ப்பைக் குறைப்பது. பெரிய தொகை, அடிக்கடி போவது, பொருள்கள் காணாமல் போவது என்றால் போதை, சூதாட்டச் செயலி, யாராவது மிரட்டிப் பறிப்பது ஆகிய மூன்றையும் மனதில் வைத்து விசாரியுங்கள். மிரட்டிப் பறிக்கப்படும் பிள்ளைக்குத் தண்டனை கொடுத்தால் அது இரண்டு பக்கமும் அடிபடும்.

பள்ளிக்குப் போகவே மாட்டேன் என்கிறாள்.

இரண்டு விதமான மறுப்பு இருக்கிறது. ஒருத்தி வீட்டில் சொல்லாமல் மட்டம் போட்டு வெளியே சுற்றுகிறாள். இன்னொருத்தி வீட்டிலேயே இருக்கிறாள். காலையில் வயிற்று வலி, தலைவலி, விடுமுறை நாளில் எதுவும் இல்லை. முதலாவதற்கு மேலே சொன்ன விதி, விளைவு எல்லாம் பொருந்தும். இரண்டாவது பெரும்பாலும் பயம். அங்கே வெறும் கண்டிப்பு பயத்தைக் கூட்டும். பள்ளியில் யார், எந்த வகுப்பு, எந்த இடைவேளை என்று கண்டுபிடித்து, முதல் நாள் வாசல்வரை, பிறகு ஒரு பாடவேளை, பிறகு அரை நாள் என்று படிப்படியாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும். வீட்டில் இருக்கும் நாள் சுவாரசியமாகவும் இருக்கக் கூடாது: பள்ளி நேரம் முடியும்வரை திரை இல்லை. வீட்டில் கழியும் ஒவ்வொரு வாரமும் திரும்புவதைக் கடினமாக்கும், அதனால் பள்ளியோடு உடனே பேசுங்கள்.

கை ஓங்குகிறான், கதவை உடைக்கிறான். பயமாக இருக்கிறது.

அந்த நேரத்தில் நோக்கம் ஒன்றுதான்: யாருக்கும் காயம் படக் கூடாது. விதி, விளைவு, யார் சொன்னது சரி எல்லாம் பிறகு. இரண்டு கை தூரத்துக்கு மேல் தள்ளி, பக்கவாட்டில் நில்லுங்கள். வாசலை மறிக்காதீர்கள், வெளியேற வழி கிடைக்காத ஆள்தான் அதிகம் தாக்குவான். குரலைத் தாழ்த்தி "இப்ப பேச வேண்டாம், நான் வெளியே போறேன்" என்று விலகுங்கள். தம்பி தங்கைகள் எந்த அறைக்குப் போக வேண்டும், எந்தப் பக்கத்து வீட்டைக் கூப்பிட வேண்டும் என்று முன்பே சொல்லி வையுங்கள். கத்தி, கனமான கருவிகளை எட்டாத இடத்தில் பூட்டுங்கள். ஆயுதம் எடுத்தால், யாருக்காவது காயம் பட்டால், காவல் துறையையோ அவசர உதவியையோ அழைக்கத் தயங்காதீர்கள். அப்படி அழைப்பீர்கள் என்பதை அமைதியான ஒரு நாளில், மிரட்டலாக இல்லாமல், தகவலாகச் சொல்லியும் வையுங்கள்.

பேச்சு மறுநாள். இரும்பு ஆறிய பிறகு அடிக்க வேண்டும் என்பது ஹைம் ஓமர் என்ற இஸ்ரேலிய உளவியலாளர் வன்முறையான பிள்ளைகளின் பெற்றோருக்குச் சொல்லும் பாடம். அவர் சொல்லும் இன்னொன்று, ரகசியம் காக்காதீர்கள் என்பது. வீட்டுக்குள் அடி வாங்குவதை மறைக்கும் பெற்றோர் தனியாகிவிடுகிறார்கள். நம்பகமான இரண்டு மூன்று உறவினரோ நண்பரோ பிள்ளையிடம் "நேத்து நடந்தது எனக்குத் தெரியும். உன்னை எனக்குப் பிடிக்கும். வீட்ல கை ஓங்குறது நிக்கணும். நான் உதவி பண்றேன்" என்று சொல்வது, நீங்கள் நூறு முறை சொல்வதைவிட எடை கொண்டது.

"செத்துப் போயிடுவேன்" என்கிறாள். கண்டிப்பைத் தளர்த்தவா?

மிரட்டலா நிஜமா என்று நீங்கள் தீர்ப்பு சொல்லாதீர்கள். ஒவ்வொரு முறையும் நிஜமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். "சாகணும்னு நினைக்கிறியா? எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்டவரிடம்தான் பேசத் துணிவு வரும். திட்டம் இருந்தால் ஒரு நொடியும் தனியாக விடாமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மாத்திரைகள், பூச்சிமருந்து, பிளேடு, கயிறு எல்லாவற்றையும் அன்றே அப்புறப்படுத்துங்கள். வீட்டுப் பெரியவர்களின் இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளும் இதில் சேரும். அவற்றைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

இதைச் சொன்னதற்காக எந்த விளைவும் கூடாது. அதே சமயம், ஆபத்து நீங்கிய பிறகு 10 மணி விதி 10 மணி விதியாகவே இருக்கலாம். நிலைமை நிதானமாகும்வரை எந்த விதியைத் தள்ளி வைப்பது என்பதை மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

போதைப் பழக்கம் என்று தெரிகிறது.

போதையில் இருக்கும்போது வாதம் வேண்டாம், உடல்நிலையை மட்டும் பாருங்கள். எழுப்பினால் எழவில்லை, மூச்சு மெதுவாக அல்லது விட்டு விட்டு வருகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் தூங்கித் தெளியட்டும் என்று விடக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். தினமும் நிறையக் குடிப்பவரோ தூக்க மாத்திரை எடுப்பவரோ திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் "அறையில் போட்டு நிறுத்த வைப்பது" வேண்டாம், மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

தெளிந்திருக்கும் நேரத்தில் உங்கள் முகம் மலர்ந்திருக்கட்டும், போதையில் வரும்போது ஒதுங்குங்கள். பெரும்பாலான வீடுகளில் தலைகீழாக நடக்கிறது: போதையில் வந்தால் வீடே சுற்றி நின்று பேசும், தெளிந்த காலையில் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ரொக்கம் தராதீர்கள், கட்டணங்களை நீங்களே நேராகக் கட்டுங்கள். கடனை அடைத்துவிடுவது, பள்ளிக்குப் பொய் சொல்லி மறைப்பது இரண்டையும் நிறுத்துங்கள். ராபர்ட் மேயர்ஸ் உருவாக்கிய குடும்பப் பயிற்சி முறை இந்த அடிப்படையில்தான் இயங்குகிறது. சிகிச்சைக்கு வர மறுத்த குடிநோயாளிகளின் குடும்பங்களைக் கொண்டு செய்து 1999இல் வெளியான ஆய்வில், இந்தப் பயிற்சி பெற்ற குடும்பங்களில் 64 சதவீதம் பேர் அவரைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார்கள். எல்லோரும் சூழ்ந்து உட்கார்ந்து நேருக்கு நேர் எதிர்கொள்ளும் முறையில் அது 30 சதவீதம்தான்.

கடுமையான முகாமுக்கோ விடுதிக்கோ அனுப்பினால் திருந்துவானா? வீட்டை விட்டே அனுப்பிவிட்டால்?

ராணுவப் பாணி முகாம், சிறைக்குக் கூட்டிப் போய்ப் பயமுறுத்துவது போன்றவற்றில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை, காரணத்தோடுதான். சிறையைக் காட்டி மிரட்டும் திட்டங்களை அந்தோணி பெட்ரோசினோவும் சக ஆய்வாளர்களும் தொகுத்து ஆராய்ந்தபோது, அதில் கலந்துகொண்ட இளைஞர்கள் கலந்துகொள்ளாதவர்களைவிட அதிகமாகக் குற்றத்தில் ஈடுபட்டதே தெரியவந்தது. வழி தவறும் பிள்ளைகளை ஒரே இடத்தில் குவித்தால் ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொள்வார்கள், சாகசக் கதைக்குச் சிரிப்பும் கைதட்டலும் கிடைக்கும் என்பதை தாமஸ் டிஷியனின் ஆய்வுகள் காட்டின. முகாமில் பணியும் பிள்ளை, எதுவும் மாறாத அதே வீட்டுக்குத்தானே திரும்பி வரும்?

18 வயது நிரம்பாதவரை வெளியே தள்ளுவது கண்டிப்பு அல்ல, கைவிடுவது. தெருவில் அவர்களுக்குக் காத்திருப்பவர்கள் யார் என்று நினைத்துப் பாருங்கள். வயது வந்த மகனோ மகளோ வன்முறையை நிறுத்தவில்லை என்றால், தனியாக இருக்கச் சொல்வது நியாயமாக இருக்கலாம். அதுவும் கோபத்தில் அல்ல: நாள் குறித்து, எழுத்தில், தங்க இடம் தேட அவகாசம் தந்து, "வந்து பார்க்கலாம், கூப்பிட்டால் எடுப்போம்" என்ற கதவைத் திறந்து வைத்து.

எப்போது நிபுணரைப் பார்ப்பது?

எதிர்த்துப் பேசுவதும் சட்டென்று வெடிப்பதும் பழிவாங்குவதும் 6 மாதத்துக்கு மேல் தொடர்ந்தால், அல்லது எந்த வயதிலும் தீ வைப்பது, விலங்குகளை வதைப்பது, தன்னையே காயப்படுத்திக்கொள்வது கண்டால், காத்திருக்க வேண்டாம். சில வாரத்தில் திடீரென்று மாறிய பிள்ளைக்குப் பின்னால் துன்புறுத்தலோ பாலியல் வன்முறையோ இழப்போ இருக்கலாம், அங்கே முதலில் கேட்க வேண்டியது "உனக்கு என்ன ஆச்சு?" என்பதுதான். கவனக்குறைவு, கற்றல் குறைபாடு, மனச்சோர்வு, ஆட்டிசம், காது கேளாமைகூட "அடங்காத பிள்ளை" என்ற முகமூடியோடு வரும். தூக்கத்தையும் பாருங்கள்: 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வரை 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். 6 மணி நேரம் தூங்கும் பிள்ளையின் குணத்தைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது.

எத்தனை நாளில் மாற்றம் தெரியும்?

மூன்று மாதம் கொடுங்கள். மனதில் படுவதை நம்பாதீர்கள், நோட்டை நம்புங்கள். வாரத்துக்கு எத்தனை வெடிப்பு, ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம் என்று எண்ணுங்கள். வாரம் 9 தடவை என்பது 5 ஆனாலும் அந்த ஐந்தாவது நடக்கும் இரவில் எதுவுமே மாறவில்லை என்றுதான் தோன்றும். எட்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் எண்ணிக்கை அசையவில்லை என்றால் விளைவைக் கூட்டாதீர்கள். விதி தப்பாக இருக்கலாம், பிள்ளைக்கு அந்தத் திறனே இன்னும் வராமல் இருக்கலாம், உள்ளே வேறொரு நோய் இருக்கலாம்.

பொறுமை போய் நானே அடித்துவிட்டேன். எல்லாம் வீணா?

வீணில்லை. இரண்டு பேரும் ஆறிய பிறகு, முடிந்தால் அன்றே, பிள்ளையிடம் போங்கள். நின்றுகொண்டு பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். "உன்னை அடிச்சது தப்பு. நீ என்ன செஞ்சிருந்தாலும் நான் கை ஓங்கியிருக்கக் கூடாது. மன்னிச்சிடு" என்று சொல்லுங்கள். "ஆனா நீயும்" என்று தொடராதீர்கள். பிள்ளை பதில் சொல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கலாம், இருக்கட்டும். மன்னிப்புக் கேட்டதால் விதி போய்விடாது: மறுநாள் போன் இல்லை என்று இருந்தால் மறுநாள் போன் இல்லை. குற்ற உணர்வில் அதைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். எழுந்து போகும்முன் இரவு விளக்கைத் தணித்துவிட்டு, காலையில் எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும் என்று எப்போதும்போல் கேளுங்கள்.